தலைகளைக் காத்த டாக்டர்

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று பெரியவர்கள் சொல்வார்கள். பெரிய ஆபத்து ஒன்று வந்து, சிறு நஷ்டத்தோடு விலகிப் போனால் இப்படிச் சொல்வது வழக்கம்.

இந்தப் பழமொழியை ஆஸ்பத்திரிக் கணக்கைக் கொண்டு மெய்ப்பித்துக் காட்டிய டாக்டர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஹியூ கெய்ர்ன்ஸ். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். இங்கிலாந்தில் புகழ் பெற்றவர். மண்டை ஓட்டைத் திறந்து மூளையில் ஆபரேஷன் செய்வதில் வல்லவர்.

மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் தலையில் கவசம் அணிவது இன்று சட்டம். அந்தச் சட்டத்துக்கு வேர் எங்கே இருக்கிறது என்று தோண்டிப் பார்த்தால், அது இந்த டாக்டரிடம் கொண்டுபோய் விடும். அவர் காப்பாற்ற முயன்றது உல்லாசமாகச் சவாரி செய்தவர்களை மட்டும் அல்ல. பிறருக்காக விரைந்து ஓடிய கடமை வீரர்களைத்தான் அவர் முதலில் நினைத்தார்.

மரவேலைக்காரர் மகன்

தெற்கு ஆஸ்திரேலியாவில் போர்ட் பிரீ என்று ஒரு துறைமுக ஊர் இருக்கிறது. அங்கே 1896ஆம் ஆண்டு ஜூன் 26ந் தேதி கெய்ர்ன்ஸ் பிறந்தார். தகப்பனார் ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர். மரவேலை செய்து பிழைத்தவர். வீட்டில் பெரிய செல்வம் கிடையாது.

ரிவர்ட்டன் என்ற சிற்றூரில் சிறுவன் வளர்ந்தான். பிறகு அடிலெய்டு நகரத்துக்குப் போய்ப் படித்தான். படிப்பில் கெட்டிக்காரன். அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்தது.

படிப்பு நடந்துகொண்டிருந்தபோது முதலாவது உலக யுத்தம் மூண்டது. ஆஸ்திரேலிய வாலிபர்கள் ஆயிரக்கணக்கில் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். கெய்ர்ன்ஸும் 1915ஆம் ஆண்டில் சேர்ந்தார். அப்போது அவர் டாக்டர் ஆகவில்லை. சாதாரணச் சிப்பாயாகவே போனார்.

கிரேக்க நாட்டைச் சேர்ந்த லெம்னாஸ் தீவில் ராணுவ ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. கல்லிப்போலி போர்க்களத்தில் காயம் பட்டவர்களைக் கப்பலில் ஏற்றி அங்கே கொண்டுவருவார்கள். அந்த ஆஸ்பத்திரியில் கெய்ர்ன்ஸ் வேலை பார்த்தார். காயத்தின் கோரத்தை 19 வயதிலேயே கண்ணால் கண்டார்.

படிப்பை முடிப்பதற்காக அவரை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். 1917இல் பட்டம் பெற்றார். இந்த முறை டாக்டராகப் பட்டாளத்துக்குப் போனார். பிரான்ஸ் போர்முனையில் பணி செய்தார்.

படகும் பட்டமும்

யுத்தம் முடிந்தது. மிகச் சிறந்த மாணவர்களுக்கு மட்டும் கிடைக்கும் ரோட்ஸ் உதவித் தொகை கெய்ர்ன்ஸுக்குக் கிடைத்திருந்தது. அதைக் கொண்டு 1919இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பேலியல் கல்லூரியில் அவருக்கு இடம்.

உடல் வலிமை மிக்கவர் அவர். ஆக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் ஆண்டுதோறும் தேம்ஸ் நதியில் படகுப் போட்டி நடக்கும். 1920ஆம் ஆண்டுப் போட்டியில் ஆக்ஸ்போர்டு படகில் அவரும் துடுப்புப் போட்டார். அந்த ஆண்டு வெற்றி கேம்பிரிட்ஜுக்குப் போயிற்று. ஆனால் கெய்ர்ன்ஸுக்கு வேறொரு வெற்றி கிடைத்தது. கல்லூரித் தலைவர் ஸ்மித்தின் மகள் பார்பராவை 1921இல் மணந்துகொண்டார்.

பிறகு லண்டன் நகரின் கிழக்குப் பகுதியில் உள்ள லண்டன் ஆஸ்பத்திரியில் சர்ஜனாகப் பணி தொடங்கினார்.

குரு கற்றுத் தந்த பாடம்

மூளை ஆபரேஷன் என்றால் டாக்டர்களே அஞ்சிய காலம் அது. அந்தக் கலையில் முதல்வராக விளங்கியவர் அமெரிக்காவில் இருந்தார். பாஸ்டன் நகர டாக்டர் ஹார்வி குஷிங். கெய்ர்ன்ஸ் 1926இல் அவரிடம் போய்ச் சேர்ந்தார். ஓராண்டு காலம் அருகில் இருந்து கற்றார்.

குஷிங் அவசரப்பட மாட்டார். ஒரு சொட்டு ரத்தம் வீணாகக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வேலை செய்வார். ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் குறிப்பு எழுதி வைப்பார். வீட்டுக்குப் போன நோயாளி என்ன ஆனார், எத்தனை நாள் வாழ்ந்தார், வேலைக்குப் போனாரா என்று விசாரிப்பார்.

கத்தி பிடிக்கும் முறையோடு இந்தக் கணக்கு எழுதும் பழக்கத்தையும் கெய்ர்ன்ஸ் கற்றுக்கொண்டார். குஷிங்கின் நோயாளிகளைப் பற்றி அவர் ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1929இல் வெளிவந்தது. ஒருவர் பிழைத்தால் ஏன் பிழைத்தார், இறந்தால் ஏன் இறந்தார் என்று கேட்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

இந்தப் பழக்கம்தான் பின்னாளில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தது.

அரேபியாவின் லாரன்ஸ்

1935ஆம் ஆண்டு மே மாதம். இங்கிலாந்து முழுவதும் ஒரு செய்தி பரவியது. அரேபியாவின் லாரன்ஸ் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கிவிட்டார் என்பதே அந்தச் செய்தி.

லாரன்ஸை அறியாதவர்கள் அன்று இல்லை. முதலாவது உலக யுத்தத்தில் அரபு மக்களோடு சேர்ந்து ஒட்டகத்தில் சுற்றி, துருக்கியரை எதிர்த்துப் போராடியவர். புகழ் பிடிக்காமல், வேறு பெயரில் விமானப் படையில் சாதாரண வீரராகச் சேர்ந்தவர். கடலில் விழுந்த விமானிகளை விரைந்து போய் மீட்பதற்கு வேகப் படகுகள் தேவை என்று உழைத்தவர்.

வேகம் என்றால் அவருக்கு உயிர். பிரஃப் சுப்பீரியர் என்ற உயர்ந்த ரக மோட்டார் சைக்கிள்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏழு வாங்கி ஓட்டியிருந்தார்.

மே 13ந் தேதி தபால் ஆபீசுக்குப் போய்த் தந்தி கொடுத்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தார். சாலையில் ஒரு பள்ளம். அதற்கு அப்பால் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த இரண்டு சிறுவர்கள் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது. சிறுவர்கள் மீது மோதாமல் இருக்க வண்டியைத் திருப்பினார். வண்டி சாய்ந்தது. லாரன்ஸ் தூக்கி எறியப்பட்டார். தலை தரையில் மோதியது.

சிறுவர்கள் பிழைத்தார்கள். லாரன்ஸுக்கு நினைவு திரும்பவில்லை.

ஆறு நாள்

பக்கத்தில் இருந்த ராணுவ ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்த்தார்கள். பெரிய டாக்டர்களை வரவழைத்தார்கள். அவர்களில் கெய்ர்ன்ஸும் ஒருவர்.

மூளை கடுமையாக அடிபட்டிருந்தது. எந்தச் சர்ஜனின் திறமையும் பயன்படக் கூடிய நிலையில் அது இல்லை. ஆறு நாள் கழித்து, மே 19ந் தேதி லாரன்ஸ் இறந்தார். அப்போது அவருக்கு வயது 46.

விபத்து நடந்தபோது அவர் தலையில் கவசம் இல்லை. அந்தக் காலத்தில் சாலையில் போகிறவர்கள் கவசம் அணிவது வழக்கமும் இல்லை. பந்தயம் ஓடுகிறவர்கள் மட்டும் அணிந்தார்கள். புரூக்லண்ட்ஸ் பந்தய மைதானத்தில் பணி செய்த எரிக் கார்ட்னர் என்ற டாக்டர், கித்தான் துணியில் அரக்குப் பூசிக் கவசம் செய்வித்திருந்தார். 1914ஆம் ஆண்டில் மான் தீவுப் பந்தயத்தில் அது கட்டாயம் ஆக்கப்பட்டது. அதற்குப் பிறகு 20 ஆண்டுகள் ஓடியும் அந்தக் கவசம் பந்தய மைதானத்தை விட்டுச் சாலைக்கு வரவில்லை.

லாரன்ஸின் மரணம் கெய்ர்ன்ஸின் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. அடிபட்ட பிறகு செய்யும் வைத்தியத்துக்கு ஓர் எல்லை உண்டு. அடி படாமல் தடுக்க வழி உண்டா? இந்தக் கேள்வி அவரை விடவில்லை.

மோட்டார் முதலாளியின் கொடை

அதே காலத்தில் கெய்ர்ன்ஸுக்கு இன்னொரு கனவும் இருந்தது. ஆக்ஸ்போர்டில் சிறந்த மருத்துவப் பள்ளி ஒன்று அமைக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். அதற்காகத் திட்டம் எழுதினார். பெரியவர்களைப் பார்த்துப் பேசினார்.

ஆக்ஸ்போர்டில் நஃபீல்டு பிரபு என்ற கோடீஸ்வரர் இருந்தார். வெறும் 4 பவுன் முதல் போட்டுச் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை ஆரம்பித்தவர். பிறகு மோட்டார் சைக்கிள் செய்தார். பிறகு மோரிஸ் கார் செய்து பெரும் செல்வர் ஆனார். அவர் 1936இல் மருத்துவப் பள்ளிக்காக 20 லட்சம் பவுன் நன்கொடை கொடுத்தார்.

அந்தப் பணத்தில் உண்டான சர்ஜரி பேராசிரியர் பதவி 1937இல் கெய்ர்ன்ஸுக்குக் கிடைத்தது. மோட்டார் வண்டி விற்று வந்த பணம், மோட்டார் வண்டியில் அடிபட்டவர்களைக் காக்கும் டாக்டருக்கு இடம் அமைத்துக் கொடுத்தது.

கல்லூரி ஆஸ்பத்திரி ஆயிற்று

1939ஆம் ஆண்டு செப்டம்பரில் இரண்டாவது உலக யுத்தம் தொடங்கியது. தலையில் காயம் பட்ட வீரர்களுக்கு என்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று கெய்ர்ன்ஸ் ஏற்பாடு செய்தார்.

ஆக்ஸ்போர்டில் பெண்கள் படிக்கும் செயின்ட் ஹியூஸ் கல்லூரி ராணுவத்தின் கைக்கு வந்தது. புல்வெளியில் கொட்டகைகள் எழும்பின. 1940இல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. 1945 வரை 13,000 பேருக்கு மேல் அங்கே சிகிச்சை பெற்றார்கள்.

ஒவ்வொரு நோயாளிக்கும் குறிப்பு எழுதப்பட்டது. எப்படி அடிபட்டார்? எந்த இடத்தில் அடி? எத்தனை மணி நேரம் நினைவில்லாமல் இருந்தார்? எல்லாம் பதிவாயின. குரு குஷிங் கற்றுத் தந்த பாடம் அல்லவா?

குறிப்புகளைப் புரட்டிய கெய்ர்ன்ஸ் திடுக்கிட்டார். போர்க்களத்தையே காணாத பலர் அந்தப் படுக்கைகளில் கிடந்தார்கள். குண்டு பட்டவர்கள் அல்லர் அவர்கள். இங்கிலாந்துச் சாலைகளில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர்கள்.

விளக்கில்லாத சாலை

அன்று ராணுவத்தில் தூது வீரர்கள் இருந்தார்கள். டெலிபோனையும் ரேடியோவையும் எதிரி ஒட்டுக் கேட்கக் கூடும். ஆகவே முக்கியமான உத்தரவுகளை மோட்டார் சைக்கிளில் நேரில் கொண்டுபோவார்கள். நீண்ட லாரி வரிசைகளுக்கு வழிகாட்டுவதும் மோட்டார் சைக்கிள் வீரர்களின் வேலைதான்.

விமானத் தாக்குதலுக்குப் பயந்து நாடெங்கும் இருட்டடிப்பு. தெருவிளக்கு எரியாது. வண்டி விளக்குக்கும் முகமூடி. மழை, பனி, சேறு, இருட்டு. தூது வீரர் வேகமாகப் போயே ஆக வேண்டும். அவர் தாமதித்தால் ஒரு படையே வழி தவறக் கூடும். பலருக்குப் போதிய பயிற்சியும் இல்லை.

யுத்தம் தொடங்கிய முதல் 21 மாதங்களில் பிரிட்டிஷ் சாலைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களும் பின்னால் உட்கார்ந்து சென்றவர்களுமாக 2,279 பேர் இறந்தார்கள். ராணுவத்தார், பொதுமக்கள் எல்லோரும் சேர்ந்த கணக்கு இது. இறந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தலையில்தான் அடி.

கை முறிந்தால் கட்டுப் போடலாம். கால் முறிந்தால் சில மாதங்களில் நடக்கலாம். மூளை அடிபட்டால்? உயிர் பிழைத்தாலும் பழைய மனிதன் திரும்பி வருவான் என்று சொல்ல முடியாது. பேச்சுப் போகலாம். ஞாபகம் போகலாம். தாயைக் கண்டு விழிக்கும் பிள்ளைகளைக் கெய்ர்ன்ஸ் நாள்தோறும் பார்த்தார்.

ஏழு பேர்

குறிப்புகளுக்குள் அவர் ஒரு வித்தியாசத்தைக் கண்டார். விபத்தில் சிக்கியபோது தலைக்கவசம் அணிந்திருந்தவர்கள் ஏழு பேர் மட்டுமே அவர் பார்வைக்கு வந்திருந்தார்கள். ஏழு பேரும் உயிரோடு இருந்தார்கள்.

கவசங்களை எடுத்துப் பார்த்தார். சில நசுங்கியிருந்தன. சில உராய்ந்திருந்தன. அடி எங்கே விழுந்தது என்பது கவசத்தின் மீது எழுதினாற்போல் தெரிந்தது. கவசம் இல்லாதிருந்தால் அந்த அடி மண்டை ஓட்டின் மீது விழுந்திருக்கும். தலைக்கு வந்தது கவசத்தோடு போயிற்று!

இதை அவர் எழுதினார். 1941ஆம் ஆண்டு அக்டோபர் 4ந் தேதி பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் அந்தக் கட்டுரை வெளிவந்தது. மோட்டார் சைக்கிளில் செல்கிறவர்கள் தலைக்கவசம் அணிந்தால் உயிர்ச் சேதம் வெகுவாகக் குறையும் என்று அதில் எடுத்துக் காட்டினார்.

ராணுவம் காது கொடுத்துக் கேட்டது. அடுத்த மாதமே, 1941 நவம்பரில், உத்தரவு பிறந்தது. பணியில் இருக்கும் ராணுவ மோட்டார் சைக்கிள் வீரர்கள் தலைக்கவசம் அணிய வேண்டும். இது கட்டாயம்.

தயிர்ப் பானை

ஏழு பேர் என்பது சிறிய கணக்கு. அதோடு கெய்ர்ன்ஸ் நின்றுவிடவில்லை. உத்தரவுக்குப் பிறகு கவசத்தோடு விழுந்தவர்களின் குறிப்புகளைச் சேர்த்தார். நூற்றுக்கு மேல் சேர்ந்தன. ஹோல்போர்ன் என்ற பௌதிக விஞ்ஞானி அவருக்குத் துணை வந்தார். இருவரும் சேர்ந்து 1943இல் மறுபடி எழுதினார்கள். கவசம் அணிந்தவர்களுக்கு மண்டை ஓடு முறிவது குறைவு என்று கண்டார்கள்.

கவசம் எப்படிக் காக்கிறது?

ஒரு பானை நிறையத் தயிர் இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். திடீர் என்று சுவரில் மோதுகிறோம். பானை உடையாமல் இருந்தாலும் உள்ளே தயிர் குலுங்கிக் கலங்கிப் போகும். மண்டை ஓடு பானை. மூளை தயிர். தலை சுழன்று திரும்பினாலும் இதே கதிதான். இதை ஹோல்போர்ன் சோதித்துக் காட்டினார். ஜெலட்டின் என்ற கட்டிப் பாகினால் மூளை போலச் செய்து, அதை அசைத்துப் பார்த்தார். சுழலும்போது உள்ளே எங்கெங்கே இழுபடுகிறது என்று கண்டார்.

இப்போது பானையைச் சுற்றி வைக்கோல் கட்டினால் என்ன ஆகும்? மோதும்போது வைக்கோல் நசுங்கும். நசுங்க ஒரு கணம் பிடிக்கும். அந்த ஒரு கணத்தில் வேகம் சிறிது சிறிதாகத் தணியும். அடியும் ஒரே புள்ளியில் விழாமல் பரவும். தலைக்கவசம் செய்யும் வேலை இதுதான். மேல் ஓடு அடியைப் பரப்புகிறது. உள்ளே இருக்கும் மெத்தை தான் நசுங்கித் தலையைக் காக்கிறது.

ஆகவே பலத்த அடி வாங்கிய கவசத்தை மறுபடி அணியக் கூடாது. அதன் வேலை முடிந்துவிட்டது. கன்னப் பட்டையை மாட்டாமல் அணிவதும் வீண். விழுவதற்கு முன்பே அது பறந்து போய்விடும்.

காயம் இருக்கும் இடத்துக்கு ஆஸ்பத்திரி

கவசம் மட்டும் போதுமா? அடிபட்டவனுக்கு உடனே வைத்தியம் கிடைக்க வேண்டும். தலைக்காயத்துக்கு நேரம்தான் எதிரி.

நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று காத்திராமல், ஆஸ்பத்திரியே நோயாளியிடம் போகட்டும் என்று கெய்ர்ன்ஸ் திட்டம் போட்டார். மூளை சர்ஜன், மயக்க மருந்து கொடுப்பவர், நர்ஸுகள், உதவியாளர்கள், கருவிகள் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினார். நடமாடும் மூளை ஆபரேஷன் குழுக்கள் பிறந்தன. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்திலும் இத்தாலியிலும் ஐரோப்பாவிலும் அவை போர்முனைக்குக் கிட்டவே போயின.

பென்சிலின் மருந்தை மனிதனுக்குப் பயன்படும்படி செய்த ஃப்ளோரியும் அடிலெய்டில் படித்தவர்தான். பிறந்த நாட்டால் தோழர்களான இருவரும் 1943இல் வட ஆப்பிரிக்காவுக்குப் போனார்கள். போர்க் காயங்களுக்குப் பென்சிலினை எப்படிக் கொடுப்பது என்று அங்கே ஆராய்ந்தார்கள். ஃப்ளோரிக்கு 1945இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே 1945 டிசம்பரில் அமெரிக்கத் தளபதி பேட்டன் ஜெர்மனியில் கார் விபத்தில் கழுத்து முறிந்து கிடந்தார். கெய்ர்ன்ஸை விமானத்தில் அழைத்துப் போனார்கள். எவ்வளவோ பாடுபட்டும் பேட்டன் பிழைக்கவில்லை. பெரிய போர்களில் தப்பியவர்களைச் சாலை கொண்டுபோவதை லாரன்ஸுக்குப் பிறகு இரண்டாவது முறையாகக் கெய்ர்ன்ஸ் பார்த்தார்.

கடைசி நாட்கள்

யுத்தம் முடிந்ததும் அவர் கவசக் கணக்கை மறுபடி எடுத்தார். யுத்த காலம் முழுவதும் மாதந்தோறும் எத்தனை மோட்டார் சைக்கிள்காரர்கள் இறந்தார்கள் என்று பார்த்தார். 1941 நவம்பர் உத்தரவுக்குப் பின் சாவு எண்ணிக்கை இறங்கியிருந்தது. இதை 1946இல் வெளியிட்டார். அதே ஆண்டில் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது.

ராணுவத்தில் செல்லுபடியான உத்தரவு பொதுமக்களுக்குச் செல்லவில்லை. தலையில் எதை அணிவது என்பது அவரவர் இஷ்டம் என்று பலர் சொன்னார்கள். கனமாக இருக்கிறது என்றார்கள். அழகாக இல்லை என்றார்கள். கெய்ர்ன்ஸ் சண்டை போடவில்லை. கணக்கைக் காட்டினார்.

புற்றுநோய் அவரைப் பற்றியது. 1952ஆம் ஆண்டு ஜூலை 18ந் தேதி ஆக்ஸ்போர்டில் காலமானார். அவருக்கு வயது 56தான். பொதுமக்களுக்கான சட்டத்தைக் காண அவர் இருக்கவில்லை.

சட்டம் வந்தது

அவர் பிறந்த ஆஸ்திரேலியாதான் வழி காட்டியது. 1961இல் விக்டோரியா மாநிலம் மோட்டார் சைக்கிளில் செல்கிறவர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயம் ஆக்கியது. உலகத்தில் இப்படிச் சட்டம் செய்த முதல் இடம் அதுவே. பிரிட்டனில் 1973இல்தான் சட்டம் வந்தது. கெய்ர்ன்ஸின் முதல் கட்டுரைக்கும் இந்தச் சட்டத்துக்கும் இடையே 32 ஆண்டுகள்!

இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129வது பிரிவு தலைக்கவசத்தைப் பற்றிச் சொல்கிறது. 2019இல் அது திருத்தப்பட்டது. வண்டி ஓட்டுகிறவரும் பின்னால் இருப்பவரும் அணிய வேண்டும். 4 வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் கவசம் வேண்டும். தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு மட்டும் விலக்கு உண்டு.

கெய்ர்ன்ஸ் ஏழு பேரில் கண்ட உண்மையைப் பிற்காலத்தார் பல நாடுகளில் சோதித்தார்கள். அப்படி நடந்த 61 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2008இல் கணக்கிட்டார்கள். விபத்தில் சிக்கும்போது கவசம் அணிந்திருந்தால் சாகும் அபாயம் 100க்கு 42 பங்கு குறைகிறது. தலையில் காயம் படும் அபாயம் 100க்கு 69 பங்கு குறைகிறது. டாக்டரின் கணக்குப் பொய்யாகவில்லை.

உதவிக்கு ஓடுகிறவர்கள்

ராணுவத் தூது வீரர் போலவே இன்று நகரங்களில் வேறொரு வீரர் ஓடுகிறார். அவர் கையில் உத்தரவுக் கடிதம் இல்லை. முதலுதவிப் பெட்டியும் பிராண வாயுவும் இருக்கின்றன. பெரிய ஆம்புலன்ஸ் நெரிசலில் நிற்கும்போது, சந்து பொந்தில் புகுந்து முதலில் போய்ச் சேருகிறார். 2016இல் சென்னையில் 108 சேவையிலும் இப்படி மோட்டார் சைக்கிள்கள் சேர்க்கப்பட்டன. ஆஸ்பத்திரி நோயாளியிடம் போகட்டும் என்று கெய்ர்ன்ஸ் கண்ட வழியின் சின்ன வடிவம் இது.

இவருக்கும் அதே ஆபத்து இருக்கிறது. அவசரம், நெரிசல், இருட்டு, மழை. நெஞ்சு வலியால் துடிக்கும் ஒருவர் காத்திருக்கிறார் என்ற எண்ணம் வேறு விரட்டுகிறது. ஆனால் வழியில் இவர் விழுந்தால் என்ன ஆகும்? காத்திருந்தவருக்கும் உதவி போய்ச் சேராது. ஒரு நோயாளி இருந்த இடத்தில் இரண்டு நோயாளிகள் ஆவார்கள்.

ஆகவே உயிர் காக்கப் போகிறவருக்குத் தன் உயிரைக் காப்பதும் வேலையில் ஒரு பகுதி. நல்ல கவசம், இறுக மாட்டிய பட்டை, இருட்டிலும் பளிச்சென்று தெரியும் சட்டை, போதிய பயிற்சி, தேய்ந்து போகாத டயர், பழுதில்லாத பிரேக் எல்லாம் அவருக்கு மருந்துப் பெட்டியைப் போலவே அவசியம். சாலையில் போகிற மற்றவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. பின்னால் மணிச் சத்தமோ சங்கொலியோ கேட்டால் ஒதுங்கி வழி விட வேண்டும்.

கெய்ர்ன்ஸ் மூளையில் ஆபரேஷன் செய்து பலரைப் பிழைக்க வைத்தார். அவர்கள் அவருக்கு நன்றி சொன்னார்கள். கவசம் அணிந்ததால் அடிபடாமல் வீடு திரும்பிய வாலிபர்கள் அவர் ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லை. அவர் பெயரும் அவர்களுக்குத் தெரியாது. மாலையில் கதவைத் தட்டினார்கள். கவசத்தைக் கழற்றி ஆணியில் மாட்டினார்கள். தாய் போட்ட சோற்றைச் சாப்பிட உட்கார்ந்தார்கள்.